96 என்றால் நாடியைச் சொன்னதாகுமா?

கேள்வி: பள்ளி முடியும்வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, இப்போது செவிலியர் படிப்பில் முதலாண்டு இருக்கிறேன். வார்டில் வைட்டல்ஸ், அதாவது நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், வெப்பநிலை, ஆக்சிஜன் அளவுகளை எடுக்க விட்டிருக்கிறார்கள். கருவிகள் கைக்கு வந்துவிட்டன, சொற்கள்தான் வாய்க்கு வரவில்லை. டாக்கிகார்டியா, டாக்கிப்னியா, டிஸ்ப்னியா எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. போன வாரம் ரவுண்ட்ஸில் ஒரு மருத்துவர் "நாடி எப்படி இருக்கிறது?" என்றார். "96" என்றேன். "எண் சார்ட்டிலேயே இருக்கிறதே, நாடி எப்படி என்றுதானே கேட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? இந்தச் சொற்களை மனதில் நிறுத்த வழி உண்டா? நோயாளி கேட்டால் அளவைச் சொல்லலாமா? கடைசியாக, எப்படிப்பட்ட கடிகாரம் வாங்குவது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அந்தச் சிரிப்பை முதலில் விடுங்கள். சிரித்தவர்களிடம் அதே கேள்வியைத் திருப்பியிருந்தால் பாதிப் பேர் எண்ணைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த மருத்துவர் கேட்டது நியாயமான கேள்வி.

மணிக்கட்டில் விரல் வைத்தால் எண்ணிக்கை மட்டும் கிடைப்பதில்லை. துடிப்பு சீராக வருகிறதா, விரலை நிறைவாகத் தள்ளுகிறதா, இரண்டு கையிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதும் சேர்ந்தே கிடைக்கிறது. "நிமிடத்துக்கு 96, ரெகுலர், குட் வால்யூம், இரண்டு பக்கமும் சமம்" என்று சொல்லியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருப்பார். காய்ச்சலில் படுத்திருக்கும் ஒருவருக்கு 96 சீராகவும் நிறைவாகவும் துடிக்கும். நிறைய இரத்தம் இழந்தவருக்கும் ஒரு கட்டத்தில் அதே 96 வரலாம். அது விரலுக்கடியில் நூலிழைபோல் ஓடும், கொஞ்சம் அழுத்தினால் காணாமல் போய்விடும். அதைத்தான் த்ரெடி என்கிறோம். எண் ஒன்று, ஆள் வேறு.

சீர் தவறுவதிலும் இரண்டு வகை உண்டு. நாலு துடிப்புக்கு ஒன்று விடுபடுகிறது என்றால் அது தவறுவதிலேயே ஓர் ஒழுங்கு. எந்த ஒழுங்கும் பிடிபடாமல் தாறுமாறாக வந்தால் இர்ரெகுலர்லி இர்ரெகுலர். ஒரே சொல்லை இரண்டு முறை சொல்வது போலத் தோன்றும், ஆனால் ஒழுங்கின்மையிலும் ஒழுங்கில்லை என்பதுதான் அதன் பொருள். அதைக் கேட்டதுமே மருத்துவர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை, அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறை நினைப்பார். அப்படிப்பட்ட நாடியை 15 நொடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள். முழு நிமிடம் எண்ணுங்கள். அப்புறம் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்து இதயத் துடிப்பையும் எண்ணுங்கள். அங்கே 118, மணிக்கட்டில் 92 என்றால் அந்த 26-க்குப் பெயர் பல்ஸ் டெஃபிசிட். இதயம் நிரம்புவதற்குள் அவசரமாகச் சுருங்கிய துடிப்புகள் கைவரை வந்து சேரவில்லை. முடிந்தால் ஒருவர் மார்பிலும் இன்னொருவர் மணிக்கட்டிலுமாக ஒரே நிமிடத்தில் எண்ணுவது நல்லது.

இனி சொற்கள். இவற்றை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். பிரித்துப் பார்த்தால் எல்லாம் நாலைந்து கிரேக்கத் துண்டுகள். டாக்கி என்றால் வேகம், பிராடி என்றால் மெதுவு, கார்டியா இதயம், ப்னியா மூச்சு. வண்டியில் இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரும் அதே டாக்கி குடும்பம்தான். முன்னால் வரும் 'அ' நமக்குப் பழகியதே. நீதி, அநீதி என்கிறோமே, அதுபோல ப்னியா மூச்சு, அப்னியா மூச்சின்மை. ஆர்த்தோ என்றால் நேராக. நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது என்பவருக்கு ஆர்த்தாப்னியா. அவரிடம் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று கேட்டு அந்த எண்ணிக்கையையும் எழுதுவார்கள். போன மாதம் ஒன்று, இப்போது மூன்று என்றால் இதயம் தளர்கிறதோ என்று யோசிக்க வேண்டும்.

ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நாடி 100-க்கு மேல் போனால் டாக்கிகார்டியா, 60-க்குக் கீழே பிராடிகார்டியா. மூச்சு 12 முதல் 20 வரை வழக்கம், அதைத் தாண்டினால் டாக்கிப்னியா. இந்தக் கோடுகள் பெரியவர்களுக்கு மட்டும்தான். பிறந்த குழந்தைக்கு நாடி 140 இருந்தால் யாரும் பதறுவதில்லை. இருமலோடு வரும் குழந்தைக்கு வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு, 2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. நெடுந்தூரம் ஓடிப் பழகியவருக்கு நாடி 50 இருக்கும். பெயரென்னவோ பிராடிகார்டியாதான், நோய் இல்லை.

டிஸ்ப்னியா மட்டும் இந்த வரிசையில் சேராது. உங்களுக்குக் குழப்பம் வருவதும் அங்கேதான் என்று நினைக்கிறேன். டாக்கிப்னியா நாம் எண்ணிச் சொல்வது. டிஸ்ப்னியா நோயாளி உணர்ந்து சொல்லும் மூச்சுத்திணறல். சர்க்கரை நோய் முற்றி இரத்தத்தில் அமிலம் கூடியவர் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுவார், அதற்குக் குஸ்மால் மூச்சு என்று பெயர். நமக்குப் பார்க்கவே பயமாக இருக்கும், அவர் மூச்சைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இருக்கலாம். இன்னொருவர் நிமிடத்துக்கு 18 தான் விடுவார், ஆனால் "மூச்சு முழுசா உள்ளே போகமாட்டேங்குது சிஸ்டர்" என்பார். முதலாமவருக்கு டிஸ்ப்னியா என்று நீங்களாக எழுத முடியாது, இரண்டாமவருக்கு இல்லை என்றும் எழுத முடியாது. டாக்கிகார்டியாவும் படபடப்பும் இதே கதைதான். ஒன்று விரலுக்குத் தெரிவது, மற்றது அவருக்குத் தெரிவது.

தமிழ்வழியில் படித்ததைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் அது உங்களுக்குக் கூடுதல் பலம். "மூச்சு வாங்குது", "மூச்சு அடைக்குது", "நெஞ்சுல ஏதோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்பன மூன்று வேறு முறையீடுகள். மூன்றையும் அவசரமாக டிஸ்ப்னியா என்று எழுதிவிட்டால் மூன்றாவதில் இருந்த மாரடைப்புச் சாடை போய்விடும். 'மயக்கம்' அதைவிட மோசம். தலை சுற்றுவதும் மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம், நினைவு தப்பி விழுந்ததும் மயக்கம், சிலருக்குச் சோர்வுகூட மயக்கம்தான். "சுத்துதா, கண்ணை இருட்டுதா, விழுந்தீங்களா?" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எழுந்து நின்றால் இருட்டுகிறது என்று பதில் வந்தால், படுக்கையில் ஒருமுறை பிபி பாருங்கள், நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். கீழே விழாமல் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது பாஸ்ச்சுரல் ஹைப்போடென்ஷன்.

மூச்சை எண்ணுவது பற்றி வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரவு டியூட்டியில், மூச்சுக்கான கட்டத்தில் எல்லோருக்கும் 20 என்று எழுதிக்கொண்டே போவேன். சில நாள் ஒரு மாறுதலுக்கு 18. எண்ணியதே இல்லை. ஒரு நாள் காலை என் மூத்த சிஸ்டர் ஒரு பாட்டியின் கால்மாட்டில் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. கடிகாரத்தையும் போர்வை ஏறி இறங்குவதையும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சார்ட்டில் என் 20-க்குக் கீழே 34 என்று எழுதி, பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். பாட்டிக்கு நிமோனியா. நான் 20 என்று எழுதியபோதும் அவருக்கு 34-க்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

மற்ற எண்களையெல்லாம் கருவி தருகிறது, மூச்சை நாம்தான் எண்ண வேண்டியிருக்கிறது என்பதால்தான் அது எப்போதும் ஏமாந்துபோகிறது. உடம்பு கெடத் தொடங்கும்போது முதலில் மாறுவதில் ஒன்று அதுதான். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவும் நியூஸ் என்ற மதிப்பெண் முறையில், மூச்சு 25-ஐத் தொட்டாலே அந்த ஒரு வரிக்கு உச்சமான 3 மதிப்பெண். எண்ணுவதற்கு ஒரு தந்திரம் உண்டு. மூச்சை எண்ணப்போகிறோம் என்று சொன்னால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். நாடியை எண்ணி முடித்த பிறகும் விரலை மணிக்கட்டிலேயே வைத்திருங்கள். அவர் நாடி பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார், நீங்கள் மார்பைப் பார்த்து முழு நிமிடம் எண்ணிவிடலாம்.

பிபிக்கு வருவோம். அந்த மி.மீ. மெர்குரி என்ற அலகு, அழுத்தம் பாதரசத்தை எத்தனை மில்லிமீட்டர் தூக்குகிறது என்ற கணக்கு. இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896-ல் கையில் பட்டையைச் சுற்றி அளக்கும் கருவியைக் கொண்டுவந்தபோது நாடி மறைவதைத் தொட்டுத்தான் பார்த்தார்கள், மேல் எண் மட்டும்தான் கிடைத்தது. 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோஃப் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கச் சொன்ன பிறகே கீழ் எண்ணும் கிடைத்தது. ஒலி தொடங்கும் இடம் சிஸ்டாலிக், மறையும் இடம் டயஸ்டாலிக். பழைய முறையை இன்னும் கைவிடவில்லை. சத்தம் கேட்காத அளவுக்கு அழுத்தம் இறங்கியவருக்குத் தொட்டுப் பார்த்து மேல் எண்ணை மட்டும் எழுதி, தொட்டு அளந்தது என்று குறிப்போம். சிலருக்கு ஒலி தொடங்கி, நடுவில் மறைந்து, மறுபடி வரும். நேரடியாக ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரண்டாவது ஒலியையே தொடக்கம் என்று நினைத்துக் குறைவாக எழுதிவிடுவோம். அதனால்தான் முதலில் தொட்டுப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள்.

கையால் அளக்கும் கருவியில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில் இருக்கும். அதில் பார்த்துவிட்டு 127/83 என்று எழுதினால், தெரிந்தவர்கள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். வார்டு முழுக்க 120/80, 130/80, 110/70 என்று பூஜ்யத்திலேயே முடிந்தாலும் அப்படித்தான்.

எண்ணைவிட அதை எடுத்த விதம் முக்கியமாகிவிடும் அளவு இது ஒன்றுதான். வந்து உட்கார்ந்ததும் அளக்காதீர்கள், ஐந்து நிமிடம் போகட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கால்மேல் கால் போடாமல், கை இதய மட்டத்தில் தாங்கி இருக்க வேண்டும். கை 10 சென்டிமீட்டர் தாழ்ந்து தொங்கினாலே ஏறக்குறைய 8 மி.மீ. கூடிக் காட்டும். பட்டை சிறியதாக இருந்தாலும் கூடும். பருமனான கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டி, வெல்க்ரோ பிய்த்துக்கொண்டு வர, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அளப்பதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது பெரிய பட்டையைத் தேடிப்போகச் சோம்பல், வேறொன்றுமில்லை. அளக்கும்போது பேச்சு கொடுக்கவும் கூடாது. நீங்கள் அன்பாகக் கேட்கும் "சாப்பிட்டீங்களா?" அவருடைய பிபியில் சில புள்ளிகளை ஏற்றிவிடும். அதனால் கூடுதலாக வந்தால் எந்தக் கை, உட்கார்ந்தா படுத்தா, எப்போது என்பதையும் எண்ணோடு எழுதுங்கள், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பாருங்கள்.

வெப்பநிலையில் பெரிய சிக்கல் இல்லை. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அதற்கு மேல் போனால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 37 என்ற பழைய எண் 1868-ல் ஜெர்மானியரான வுண்டர்லிஷ் சொன்னது. பின்னால் 1992-ல் வந்த ஆய்வில் சராசரி 36.8 என்று கொஞ்சம் இறங்கியது. அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிடக் குறைவாகக் காட்டும், ஆகவே எங்கே வைத்தீர்கள் என்று குறியுங்கள். அஃபெப்ரைல் என்ற சொல்லில் மட்டும் கவனம். காய்ச்சல் இல்லை என்று பொருள். ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்தான a தள்ளி நின்று 'a febrile' என்றாகிவிட்டால் காய்ச்சலுள்ள ஒருவர் என்று ஆகிவிடும். நான் எண்ணைத்தான் எழுதுவேன்.

இரத்தத்தின் ஆக்சிஜன் அளவிலும் ஒன்றே ஒன்று. 97 சதவீதம் என்று மட்டும் எழுதினால் அரைச் செய்தி. வெறும் காற்றிலா, ஆக்சிஜன் கொடுத்தா, கொடுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? ரூம் ஏரில் 97 வீட்டுக்குப் போகலாம், 6 லிட்டரில் 97 ஐசியூவுக்குப் போகலாம். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ கருவி உளறும். திரையில் காட்டும் நாடியும் நீங்கள் எண்ணியதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அந்த ஆக்சிஜன் எண்ணை நம்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். 'வைட்டல்ஸ் ஸ்டேபிள்.' டியூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் ஒரு நாளைக்கு நூறு முறை காதில் விழும். ஸ்டேபிள் என்றால் மாறாமல் இருக்கிறது என்பதுதான். நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. வென்டிலேட்டரில் இருப்பவரும் ஸ்டேபிளாக இருக்கலாம். ஆனால் வெளியே காத்திருக்கும் உறவினர் காதில் அது 'தேறிவிட்டார்' என்று விழுகிறது. அதோடு, மாறவில்லை என்று சொல்ல இரண்டு அளவாவது வேண்டும். அறுவை முடிந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 4 மணிக்கு நாடி 84, பிபியின் மேல் எண் 128. 8 மணிக்கு 98, 120. 12 மணிக்கு 112, 112. ஒவ்வொரு டியூட்டிக்காரரும் தன் எண்ணை மட்டும் பார்த்தால் அலறும்படி ஒன்றுமில்லை. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தால் நாடி ஏறி, பிபி இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டது தெரியும். உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறதோ என்று அந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். பிபி அடியோடு சரிவது கடைசியில்தான். அதுவரை காத்திருக்கக் கூடாது.

கூப்பிடும்போது போனில் ஹைப்போ, ஹைப்பர் என்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று தாழ்வு, மற்றது உயர்வு, ஆனால் கடைசி எழுத்து காற்றில் போனால் இரண்டும் ஒரே சத்தம். தூக்கத்தில் எழுந்தவர் எதிர்ப்பதமாகக் கேட்டுக்கொண்டால் மருந்தும் எதிர்ப்பதமாக வரும். "சிஸ்டாலிக் எண்பத்தி நாலு, எட்டு நாலு" என்று எண்ணைப் பிரித்துச் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லவையுங்கள்.

நோயாளி கேட்டால் சொல்லலாமா என்றீர்கள். உங்கள் வார்டில் வேறு விதி இல்லையென்றால் சொல்லுங்கள், அது அவருடைய உடம்பு. ஆனால் எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நோயின் பெயரை ஒட்டாதீர்கள். நம் பேச்சுவழக்கில் "பிபி இருக்கு" என்றாலே உயர் இரத்த அழுத்த நோய் என்றுதான் பொருள். 148/92 வந்தவரிடம் "பிபி இருக்கு" என்று போகிறபோக்கில் சொன்னால் அன்றிரவு அவர் தூங்கமாட்டார், மறுநாள் இன்னும் கூடியிருக்கும். 140/90-ஐத் தாண்டினால் அந்தப் பெயர் வைப்பது வழக்கம், அமெரிக்க மருத்துவர்கள் 2017-ல் கோட்டை 130/80-க்கு இறக்கினார்கள். எந்தக் கோடாக இருந்தாலும் வேறு வேறு நாளில் பலமுறை அளந்த பிறகுதான் பெயர். "இப்போ 148/92 இருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பார்ப்போம், டாக்டர்கிட்டயும் சொல்றேன்" என்றால் போதும். அதேபோல் அளவு கிடைக்காத நோயாளியின் வீட்டாரிடம் "பிபி இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். நமக்கு அது கருவியில் பதியவில்லை என்ற செய்தி, அவர்களுக்கு அது வேறு செய்தி.

கடிகாரம். நொடி முள் வேண்டும், அவ்வளவுதான். நாடியை எண்ணுவதற்கென்றே 1707-ல் ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைச் செய்யவைத்தார். அதைவிட அதிகமாக எதுவும் நமக்கு இன்றும் தேவைப்படவில்லை. மணிக்கட்டில் கட்டாதீர்கள், கை கழுவ இடைஞ்சல். சட்டையில் குத்திக்கொள்ளும், தலைகீழாகத் தொங்கும் வகை கிடைக்கும், அதை வாங்குங்கள். எண்கள் மட்டும் ஓடும் டிஜிட்டல் வேண்டாம். அதிலே ஒரு எண் ஓடும், மனதில் நீங்கள் எண்ணும் எண் இன்னொன்று ஓடும், முப்பதாவது துடிப்பில் இரண்டும் கலந்துவிடும்.